சீனப் பிணத்துக்கு வாய்க்கரிசி

"யோவ்! நெலத்துக்குப் பவர் எய்திக் குட்த்தியா, இல்லியா?"

சொக்கம்மாள் போட்ட சத்தத்தில், உத்திரமேரூர் பக்கத்து அந்தக் கிராமமே காதைத் தீட்டிக்கொண்டது.

"குட்த்தேன்! இப்போ இன்னா?" புருஷன் முத்துகிருஷ்ணன் துண்டை உதறினார். "சீனாக்காரன் ஆப்பிரிக்காவுல காடு காடா பயிர் வச்சிக்கினு கீறான். வெதை அவன்து, மிஷின் அவன்து. சும்மா குந்திக்கினு பாதி வெள்ளாமை வாங்கலாம்!"

"கீறது மூணு ஏக்கரு! அதையும் சீனாக்காரன் பேர்ல எய்தினியா?"

"அவன் பேர்ல எய்த முடியாதாம். மோகன் பேர்ல."

மோகன்... விதைக்கடைக்காரன். மகள் ஜெயப்பிரியாவுக்கு நிச்சயமான மாப்பிள்ளை.

அவன் கூட்டிவந்த மிஸ்டர் லீ மாஸ்க், கறுப்புக் கண்ணாடி, தொப்பி சகிதம் வரப்பில் நிற்பார். வாயே திறக்க மாட்டார். அவர் தலையை ஆட்டினால் மோகன் கால் மணி நேரம் மொழிபெயர்ப்பான்.

ஊர் கைதட்டும். அவ்வளவு அறிவு!

அப்போது... போன் அலறியது!

"மாமா!" மோகனேதான். "நம்ப மோட்டார் கொட்டாய்ல மிஸ்டர் லீ செத்துட்டாரு! ஷாக் அடிச்சிருச்சி!"

முத்துகிருஷ்ணனுக்கு வேட்டி நழுவியது.

"உங்க நெலம், உங்க மோட்டாரு... போலீஸ் உங்களதான் புடிக்கும்! அத்தையக் கூட்டிக்கினு எங்கனா ஓடிடுங்க. இங்க நான் பாத்துக்கறேன்!"

அவர் பையில் சட்டையைத் திணித்தார். சொக்கம்மாளோ முந்தானையில் அரிசியை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ற?"

"நம்ப நெலத்துல பூட்ட உசுரு. சொந்தம் பந்தம் இல்லாம கெடக்குது. வாய்க்கரிசி போட்டுட்டு ஓடலாம்யா. இல்லாங்காட்டி ஆவி நம்ப வூட்டத்தான் சுத்தும்!"

மோட்டார் கொட்டாய்.

மிஸ்டர் லீ விறைத்துக் கிடந்தார். மோகன் பாய்ந்து குறுக்கே நின்றான்.

"வேணாம் அத்தை! சீனாவுல இந்தப் பழக்கம் கெடையாது!"

"நம்ப ஊர்ல கீது. தள்ளு!"

மாஸ்க்கைப் பிடுங்கினாள். தாடையை அழுத்தினாள். ஒரு பிடி... இன்னொரு பிடி...

பிணத்தின் முகம் சிவந்தது!

புர்ர்ர்ரென்று அரிசி பறந்தது.

"அய்யோ, மூச்சு முட்டுது! போதும் ஆத்தா!"

சுத்தமான வாலாஜாபாத் தமிழ்!

"யார்றா நீ?" முத்துகிருஷ்ணன் கழுத்தைப் பிடித்தார்.

"பச்சமுத்துங்க... பாஸ்ட்புட் கடையில நூடுல்ஸ் கிண்டறவன். நீங்க ஊர வுட்டு ஓடுனதும் மோகன் நெலத்த பிளாட் போடறவனுக்கு ரிஜிஸ்டர் பண்ணிருவாராம். அதுவரிக்கும் செத்துக் கெடன்னாரு..."

மோகன் ஓடினான். நாற்றங்கால் சேறு முழங்கால்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. போலீஸ் வரும்வரை அப்படியே நட்டுவைத்த மாதிரி நின்றான், பாவம்!

பவர் ரத்து. நிச்சயமும் ரத்து.

ஜெயப்பிரியாவுக்குத் தை மாதமே கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துக் கூரம் கிராமத்து வரதராஜ், டிராக்டர் மெக்கானிக். ஜாம்பியாவில் ஒரு சீனாக்காரன் பண்ணையில் வேலை. அவளும் கூடவே போய்விட்டாள்.

போன வாரம் போன் பண்ணினாள்.

"யம்மா, இங்க ஒரு பெருசு நெலத்த சீனாக்காரன் கையில வுட்டுட்டு, அவன் வாயையே பாத்துக்கினு கீது. அப்படியே நைனாதான்!"

முத்துகிருஷ்ணன் சட்டென்று வெளியே நழுவினார். சொக்கம்மாள் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"அது போவட்டும்... அங்க கீற சீனாக்காரனாவது அசலாடி?"