லென்ஸுக்கு வைத்த பொட்டு

வீரபாண்டி ஒரு லென்ஸ் வாங்கினார். அன்றைக்கு வீட்டில் ஆரம்பித்த சண்டை ஆயுத பூசை வரை ஓடியது.

அவருக்குச் சங்கரன்கோவில் ரத வீதியில் போட்டோ ஸ்டுடியோ. கடையநல்லூர் முகம்மது ஹுசைன் துபாயிலிருந்து கொண்டுவந்த லென்ஸ் அது. செம்பு உயரம் இருக்கும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும்.

"இது முதலீடு. பத்து வருசம் நமக்குச் சோறு போடும்" என்றார் வீரபாண்டி.

"செலவு" என்றார் அவர் மனைவி ஜெயசித்ரா. "ஏற்கெனவே ரெண்டு லென்ஸ் சும்மா கிடக்கு. இதுவும் கிடந்தா, நம்மதான் அதுக்குச் சோறு போடணும்."

மகள் மாரிசெல்வி ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அதுதான் சிக்கல்.

லென்ஸில் கீறல் விழாமலிருக்க, முன்பக்கம் அப்பா மெல்லிய கண்ணாடி ஒன்றையும் திருகி மாட்டினார். அம்மாவுக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"கண்ணாடி மேல எதுக்குங்க இன்னொரு கண்ணாடி? வேட்டி மேல வேட்டியா கட்டுதீங்க?"

கடைசியில் அப்பா இறங்கி வந்தார். "தீபாவளிக்குள்ள இது சம்பாதிக்கலைன்னா ஹுசைன்கிட்டயே திருப்பிக் கொடுத்திருதேன். போதுமா?"

முதல் வேலையும் கிடைத்தது. விஜயதசமி காலையில், புளியங்குடியில் ஓர் எலுமிச்சை வியாபாரி வீட்டுக் காதுகுத்து. பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோனாலே அந்தக் குழந்தை வீறிடுமாம். தூரத்தில் நின்று எடுக்க இந்த லென்ஸ்தான் சரி.

முந்தின நாள் ஆயுத பூசை. அம்மா சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். பைக்குக்கு, அரிவாள்மணைக்கு, மிக்சிக்கு. மாரிசெல்வி பூசைக்கு வைத்த புத்தக அடுக்கின் அடியில் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே இருந்தால் மறுநாள் கடைசியாகத்தான் கைக்கு வரும்.

லென்ஸ் முன்னால் அம்மா கொஞ்சம் நின்றார். பிறகு மூடியைக் கழற்றி, கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனம் தடவி, அதன் மேல் குங்குமமும் வைத்து, மூடியை மறுபடி போட்டார்.

"போ, நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதான்."

சண்டை முடிந்தது என்று மாரிசெல்விக்குச் சந்தோஷம். கண்ணாடியைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. பூசையில் வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடவும் இல்லை.

காலையில் அப்பா குளிக்கப் போனார். பையில் சாமான்களை எடுத்து வைக்க வந்த மாரிசெல்வி லென்ஸ் மூடியைத் திறந்தாள். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. சுற்றிலும் குங்குமத் தூள்.

"யம்மா! இதுல எப்படிப் படம் எடுக்க?"

அம்மா ஓடி வந்து பார்த்தார். "ஐயையோ! பழக்கத்துல வச்சிட்டேனே. நான் வேணும்னே கெடுத்தேன்னுல்லா உங்க அப்பா நினைப்பாக."

முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனார்.

"துடைக்காதம்மா! தூளோட தேய்ச்சா கீறிரும். அப்பா முதல்ல ஊதத்தான் செய்வாக."

மாரிசெல்வி பையிலிருந்து ரப்பர் பம்பை எடுத்து அமுக்கினாள். தூள் பறந்தது. நேராக அம்மாவின் மூக்குக்குள் போனது. அம்மா மூன்று தும்மல் போட்டார். சந்தனம் மட்டும் அசையவில்லை.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

மாரிசெல்வி லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பொட்டுக்குக் கீழே, கொஞ்சம் ஆழத்தில், பொட்டின் நிழல் தெரிந்தது. நிழல் விழ அங்கே இன்னொரு கண்ணாடி இருக்க வேண்டுமே!

"யம்மா! வேட்டி மேல வேட்டி!"

"என்னட்டி உளறுத?"

"நீ மேல்கண்ணாடியிலதான் வச்சிருக்க! கழத்திரலாம்!"

திருகினாள். கை வழுக்கியது. அம்மா திருகினார். அசையவில்லை. ஊறுகாய் பாட்டில் திறக்காவிட்டால் அம்மா என்ன செய்வார் என்று மாரிசெல்வி யோசித்தாள். தன் பின்னலிலிருந்து ரப்பர் பேண்டை உருவி, கண்ணாடியின் விளிம்பைச் சுற்றிப் போட்டு, அழுத்தாமல் மெல்லத் திருப்பினாள்.

கண்ணாடி கழன்று வந்தது. உள்ளே லென்ஸ் பளிச்சென்று இருந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

தலை துவட்டியபடி அப்பா வந்தார். "என்ன, ரெண்டு பேரும் லென்ஸுக்கு மந்திரம் போடுதீங்களா?"

அம்மா மறைக்காமல் சொன்னார். அப்பா லென்ஸை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மூச்சை விட்டார்.

"இதுக்குப் போய் எதுக்குச் சித்ரா பொட்டு?"

"எல்லாத்துக்கும் வச்சேன். இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அப்பா சிரித்துவிட்டார். மேல்கண்ணாடியை மாரிசெல்வி தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றிக் கொடுத்தாள்.

சாயங்காலம் அப்பா படங்களைக் காட்டினார். தாய்மாமன் மடியில் அந்தக் குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. தன்னை யாரோ படம் எடுப்பதே அதற்குத் தெரியவில்லை. அம்மா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இப்பச் சொல்லு, செலவா முதலீடா?" என்றார் அப்பா.

"லென்ஸைப் பத்தித் தீபாவளிக்குச் சொல்லுதேன்" என்றார் அம்மா. "மேல்கண்ணாடி முதலீடுதான். இன்னொண்ணும் வாங்கி வைங்க. அடுத்த வருசமும் ஆயுத பூசை வரும்லா?"