கடைசிச் சொல்

ரேஷன் கடையில் அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு மூன்றாவது சன்னலுக்குப் போனால் சட்டம் கிடைக்கும். அரசே ஏழைக்கு வக்கீல் வைத்துக் கொடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது அட்டைக்கு ஆண்டுக்கு ஒன்பது நிமிடம் வழக்குப்பொறி. பணம் கட்டுகிறவர்களின் பொறியில் குறிப்பறியும் மென்பொருள் உண்டு. இலவசப் பொறி சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டது அரசு.

சுலோச்சனா அரிசிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு அந்தச் சன்னல் முன் நின்றாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் குடியிருப்பு வாரியம் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவள் கணவர் துரைக்கண்ணு இரண்டு வருடமாகச் சுவாசக் கருவியோடு படுக்கையில் கிடக்கிறார். அந்தக் கருவியைச் செருக அவர்களுக்கு வேறு சுவர் கிடையாது.

கடைக்கார நாசர் முன்பே எச்சரித்திருந்தான். "அக்கா, கடைசியா நீங்க சொல்றதைத்தான் அது முடிவா எடுத்துக்கும். 'காலி பண்ண மாட்டேன்'னு சொல்லிட்டு வாயை மூடிக்குங்க."

"வீட்டில் நோயாளி உண்டா?" என்றது பொறி.

"என் வூட்டுக்காரருங்க. எழுந்து ஒக்காரக்கூட முடியாது."

"தங்கள் முடிவு?"

"காலி பண்ண மாட்டேன்."

பொறி தீர்ப்பாயத்தோடு பேசி முடித்தது. "வாதம் ஏற்கப்பட்டது. தாங்கள் அங்கேயே இருக்கலாம். உத்தரவு பதிவாக இன்னும் பதினோரு விநாடி."

சுலோச்சனாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மனுஷனோ இரும்போ, நல்லது செய்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா கிளம்புவது? பையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு கைகூப்பினாள்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. போயிட்டு வரேன்."

"முடிவில் மாற்றம்," என்றது பொறி, அதே மரியாதையோடு. "கட்சிக்காரர் தாமாகவே போகிறார். திரும்பி வரும் தேதி குறிப்பிடப்படவில்லை. உத்தரவு பதிவானது."

"ஐயோ, வூட்டை விட்டு இல்லீங்க! இங்கேருந்து..."

ஒன்பது நிமிடம் முடிந்து சன்னல் சாத்திக்கொண்டது. இனி அடுத்த ஆண்டுதான். நாசர் தலையில் அடித்துக்கொண்டான். அவனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் காலையில் வாரியத்து ஆட்கள் வந்து துரைக்கண்ணுவைக் கட்டிலோடு தூக்கித் தெருவில் வைத்தார்கள். கருவியின் பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். அவர் மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்.

"அப்படி... என்னதான் சொன்ன அங்க?"

"போயிட்டு வரேன்னு சொன்னேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் முகத்தையே பார்த்தார்.

"பின்ன... போறேன்னா சொல்லுவாங்க?"