கயிற்றுத்துணை

பனிமலைக் குடியிருப்புக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் நெஞ்சில் மெல்லிய காற்றிலும் மூச்சு விட உதவும் மூச்சுவில்லை பதித்துக்கொண்டு, பத்து நாள் மலையேற்றத் தொடக்கப் பயிற்சியில் தேறியாக வேண்டும். சமவெளியில் வெயில் அறுபது டிகிரியைத் தொட்ட பிறகு அம்மை குத்திக்கொள்வது போல இதுவும் சாதாரணமாகிவிட்டது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் நாற்பது வருடம் மூட்டை சுமந்த மிக்கேலுக்கு அறுபத்தெட்டு வயது. மகள் மேலே இருந்தாள். தேறினால் அவளோடு இருக்கலாம். இல்லையென்றால் மறு ரயிலில் அந்த வெயிலுக்கே திரும்ப வேண்டும். இன்று பத்தாம் நாள்.

அவர் இடுப்புக் கயிற்றின் மறுமுனையில் ஓர் இயந்திரம். கயிற்றுத்துணை என்று பெயர், மாணவருக்கு ஒன்று. விழுந்தால் பிடித்துக்கொள்ளுமாம்.

"என்னை நம்பலாம் ஐயா."

"நம்புன பயலுவ பூராம் கல்லறையில கெடக்கானுவ வே. நீ முன்னால போ."

பனிப்பாறையின் ஆழமான பிளவு ஒன்றின் மேல் பனி தானாகக் கட்டியிருந்த பாலம். இயந்திரம் நடுவில் போகும்போது அது பொத்தென்று உள்வாங்கியது. இயந்திரம் பிளவுக்குள் விழ, கயிறு விறைத்தது. மிக்கேல் குப்புற விழுந்து விளிம்பை நோக்கி இழுபட்டார். பனிக்கோடாலி எங்கேயும் பதியவில்லை. ஆறு அடி. நாலு அடி. அது இரும்பு, நான் மனுசன் என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் கை கத்தியை உருவிக் கயிற்றை அறுத்துவிட்டது.

இயந்திரம் போனால் தேர்வும் போச்சா? கொஞ்ச நேரத்தில் கொக்கி விரல்கள் விளிம்பைப் பற்றின. இயந்திரம் ஏறி வந்து தன் மேலிருந்த பனியைத் தட்டியது. கயிற்றின் அறுந்த நுனியைப் பார்த்தது. அவரைப் பார்த்தது.

பயிற்சியாளர் பூங்கோதை எதிர்ப்புறப் பனிமேட்டுக்குப் பின்னால் இருந்தாள். எதையும் பார்க்கவில்லை. காதுக்கருவியில் அவள் குரல் வந்தது.

"என்ன சத்தம் ஐயா?"

"பாலம் விழுந்துட்டு தாயி. கயிறும் அதுவா அறுந்துபோச்சு."

"ஆமாம், கயிறு அதுவாக அறுந்துவிட்டது," என்றது இயந்திரம்.

மிக்கேல் அதை ஏறிட்டுப் பார்த்தார். யாரும் கேட்காமலே எதற்குப் பொய் சொல்கிறது?

"பரவாயில்ல, கயித்த முடிஞ்சுக்குங்க. இடப்பக்கம் இன்னொரு பாலம் இருக்கு. இந்தத் தடவை நீங்க முன்னால. துணை பின்னாலருந்து பிடிச்சுக்கும். அதுக்கும் இது தொடக்கப் பயிற்சிதான் ஐயா, உங்களோடதான் முதல் தடவை வருது."

"இதுக்குமா படிப்பு?"

"முடிச்சுப் போட, பனியில நடக்கத் தெரியும். ஆபத்துல என்ன செய்யணும்ங்கிறத மட்டும் கூட வர்ற மனுசரப் பார்த்துக் கத்துக்கும். மனுசங்கள விட அதை யார் நல்லாச் சொல்லித்தர முடியும்னு மேலிடத்து ஏற்பாடு."

மிக்கேல் காதுக்கருவியைக் கையால் பொத்திக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் சாய்ந்தார்.

"நல்லத மட்டும் படிச்சுக்க வே. மத்தத விட்டுரு."

"பிழைத்துவிட்டீர்களே ஐயா. நல்லதைத்தானே செய்திருக்கிறீர்கள்?"

அது குனிந்து, பனியில் கிடந்த கத்தியை எடுத்துத் துடைத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டது.

"போங்கள் ஐயா. பின்னால் நான் இருக்கிறேன்."