வரிசை எண் 412

"எம்புள்ள ஊர வுட்டே போயிட்டான்னு எவன் எழுதிக் குடுத்தான் சார்?"

திண்டிவனம் தாலுகா அலுவலகத்தின் தேர்தல் பிரிவில் ஆரோக்கியசெல்வி அந்த நோட்டீஸை மேசைமேல் வைத்து நீவினாள். மல்லாட்டைக் கடலை பிடுங்கிய செம்மண் இன்னும் நகக்கண்களில் இருந்தது. பக்கத்தில் நின்ற அம்சவள்ளிக்குக் கூச்சமாக இருந்தது. அங்கன்வாடிப் பணியோடு அந்தக் கிராமத்து வாக்காளர் பட்டியலையும் பார்த்துக்கொள்பவள் அவள்தான். நேற்று அந்த நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் அவள்தான்.

துணை வட்டாட்சியர் சீனுவாசன் அவசரப்படாமல் கோப்பைப் பிரித்தார். "ஒக்காருங்கம்மா. பேரு இன்னும் நீங்கல. நீக்கச் சொல்லி ஒருத்தர் படிவம் 7 குடுத்திருக்காரு. இந்தத் தொகுதி வாக்காளர் யாரு வேணும்னாலும் குடுக்கலாம். ஆனா நீக்கறதுக்கு முன்னாடி அந்த வீட்டையே கேக்கணும், விசாரிக்கணும். அதுக்குத்தான் நோட்டீஸ்."

விண்ணப்பித்தவர் பெயர் கோபி. காரணம் என்ற இடத்தில், நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர் என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

"பக்கத்து வூட்டு கோபியா? சாக்கடைத் தண்ணி தகராறுல மூணு வருசமா நான் அவன் மூஞ்சியப் பாக்கறதில்ல சார். அதுக்கு இப்படியா?"

"உங்க பையன் பிரான்சிஸ் கடைசியா எப்ப வந்தாரு?"

"போன பார்லிமெண்ட் எலக்சனுக்கு. கிறிஸ்மஸுக்கு வரமாட்டான், ஓட்டுக்கு வந்துடுவான். கட்டட வேல பாக்கற சூரத்துலேர்ந்து ரயிலேறி விழுப்புரத்துல எறங்கி, மொத பஸ்ஸப் புடிச்சி வருவான். மை வெச்ச வெரல எனக்குக் காட்டிட்டு, மீன் கொழம்பு துன்னுட்டுப் போயிடுவான். இந்த எலக்சனுக்கும் வருவான் சார். வந்து பேரு இல்லன்னா?"

"வாக்காளர் அட்டை வீட்ல இருக்கா?"

"அவன் பர்ஸுலயே வெச்சிக்கினு இருப்பான். மீச மொளைக்காத போட்டோ போட்ட பழைய அட்டை. வேற வாங்குடான்னா கேக்கமாட்டான். யார் கையிலயும் குடுக்கவும் மாட்டான்."

"ஃபோன்ல பேசறாரா?"

"எனக்கு நெஞ்சுல ஆபரேசன் ஆச்சு, பதினாலு மாசம் ஆவுது. அப்பலேர்ந்து சின்னவன் அறிவுச்செல்வன்கிட்டதான் பேசறான். அம்மாவ நல்லா பாத்துக்கோன்னு சொல்றானாம்."

சீனுவாசன் அதைக் கோப்பின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

அன்று மாலையே அம்சவள்ளி கோபி வீட்டுக்குப் போனாள். படிவத்தின் நகலைப் பார்த்ததும் அவர் கொதித்தார். "இதா எங்கையெழுத்து? நான் தமிழ்ல கோணலா போடறவன். இவன் இங்கிலீஷ்ல வளைச்சி வளைச்சிப் போட்டிருக்கான். சண்ட அந்தம்மாவோட. பிரான்சிஸ்கிட்ட எனக்கின்னா சண்ட? நல்ல பேஜாரா போச்சே!"

மறுநாள் அம்சவள்ளி ஓட்டமும் நடையுமாக வந்தாள். "கோபி எழுதல சார்! யாரோ கட்சிக்காரங்க வேல. பள்ளிக்கூடத்துல ஒட்டின பட்டியலப் பாத்து எழுதியிருக்காங்க."

"பாதி சரி," என்றார் சீனுவாசன். படிவத்தையும் பட்டியலையும் அருகருகே வைத்தார். "கோபியோட அட்டை எண் பட்டியல்ல இருக்கற மாதிரியே இருக்கு. பாத்துதான் எழுதியிருக்காங்க. அதே பக்கத்துல பிரான்சிஸ் பேரு, வரிசை எண் 412. அவரு எண்ணப் படிங்க."

அம்சவள்ளி படித்தாள். பட்டியலில் மூன்று எழுத்தும் ஏழு இலக்கமும். படிவத்திலோ சாய்கோடுகள் போட்ட நீளமான எண்.

"இது பழைய எண் சார். அப்பல்லாம் அட்டையில இப்படித்தான் இருக்கும். பின்னாடி பட்டியல்ல எல்லாத்தையும் பத்து இடமா மாத்திட்டாங்க."

"இப்ப பழைய எண் எங்க இருக்கும்?"

"அட்டையில மட்டுந்தான்." சொல்லி முடித்ததும் அவள் படிவத்தை மறுபடி பார்த்தாள். "அட்டை அவரு பர்ஸுல. அவரே வந்து எழுதியிருந்தா?"

"இடம் மாறினவரு புது ஊர்லயே படிவம் 8 குடுத்தாப் போதும். பக்கத்து வீட்டுக்காரர் பேருல ஒளிய வேண்டியதில்ல. அட்டை வந்திருக்கு, ஆளு வரல. பதினாலு மாசமா அவரு குரலைக் கேட்டதா சொல்றது ஒரே ஒருத்தர்."

"இறந்திருந்தா நமக்குத் தகவல் வந்திருக்குமே சார்?"

"இங்க இறந்திருந்தா உள்ளூர்ப் பதிவேட்டுலேர்ந்து வந்திருக்கும். நாமளே நீக்கியிருப்போம். வேற மாநிலத்துப் பதிவேடு நம்ம மேசைக்கு அவ்வளவு சுலபமா வராதும்மா."

துப்புக் கிடைத்ததென்று ஓடி வந்தவளுக்கு, கிடைக்காமலே போயிருக்கலாம் என்று இருந்தது.

விசாரணை நாளன்று ஆரோக்கியசெல்வியும் கோபியும் அறைக்குள் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். சீனுவாசன் அறிவுச்செல்வனை மட்டும் புளியமரத்தடிக்கு அழைத்தார். அம்சவள்ளியும் கூடப் போனாள்.

"பிரான்சிஸ் எப்ப தவறினாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அறிவுச்செல்வன் மறுக்கவில்லை. அப்படியே தரையில் குந்திவிட்டான்.

"சாரம் ஒடைஞ்சி வுழுந்துட்டாரு சார். அம்மாவுக்கு ஆபரேசன் நடந்த வாரம். வேலைக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போய் அங்கயே அடக்கம் பண்ணிட்டு வந்தேன். தையல் பிரிக்கட்டும், அப்பறம் சொல்லலாம்னு பாத்தேன். அப்பறம் மாதா திருவிழா முடியட்டும்னு பாத்தேன். அப்பறம் வாயே வரல."

"இந்தப் படிவம்?"

"எலக்சன் அன்னிக்கி அம்மா பள்ளிக்கூட வாசல்லயே காலையிலேர்ந்து குந்திக்கினு இருக்கும் சார், அண்ணன் வருதான்னு. லிஸ்டுல பேரே இல்லன்னா, அதான் வரலன்னு சொல்லிடலாம்னு நெனச்சேன். கோபி அண்ணன்கிட்ட அம்மா பேசாது, கேக்கவும் கேக்காது. வூட்டுக்கே நோட்டீஸ் வரும்னு தெரியாது."

"அட்டைய ஏன் பாத்து எழுதின?"

"லிஸ்டுல ரெண்டு பிரான்சிஸ் இருக்குது சார். வேற யாரு பேராவது போயிடக்கூடாதுன்னு..."

"காரணத்துல ஏன் இறப்புன்னு போடல?"

"கை போவல சார்."

சீனுவாசன் படிவத்தை மடித்தார். "அடுத்தவர் பேருல பொய்க் கையெழுத்து போட்டது குத்தம். அத நான் எழுதித்தான் ஆவணும். ஆனா இந்தச் சேதி உங்க அம்மாவுக்கு நோட்டீஸா போகக்கூடாது. நீயே சொல்லு."

அறிவுச்செல்வன் அறைக்குள் வந்தான். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தான். அவள் அந்த மீசை முளைக்காத முகத்தைக் கட்டை விரலால் துடைத்தாள். திருப்பிப் பார்த்தாள். மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத அவன் யாருக்கும் குடுக்கமாட்டானேடா."

அவளுக்கு வேறு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அறிவுச்செல்வன் அவள் காலடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் கை அவன் தலைக்குப் போகவில்லை, அட்டையிலேயே இருந்தது. கோபிதான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். "குடி செல்வி," என்றார். மூன்று வருடத்தில் முதல் பேச்சு.

வெகுநேரம் கழித்து அம்சவள்ளி புதிய படிவம் ஒன்றை எடுத்தாள். கோபி கையை நீட்டினார். "என் பேருலயே போடுங்க. இந்தத் தடவ நெசமாவே கையெழுத்துப் போடறேன்."

"வேணாம். நான் போடறேன்," என்றாள் ஆரோக்கியசெல்வி. பிறகு கேட்டாள்: "அவன் நம்பரு இனிமே யாருக்குப் போவும் சார்?"

"இந்தத் தேர்தலுக்கு யாருக்கும் போகாதும்மா. மறுபடி முழுசா அச்சடிக்கற வரைக்கும் 412 அவரோடதுதான். நீக்கம்னு மட்டும் குறிப்பு இருக்கும்."

"ஓட்டு அன்னிக்கி அந்த லிஸ்டு பள்ளிக்கூடத்துல இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப நான் காலையிலயே வந்துடறேன்," என்றாள் அவள், பேனாவை வாங்கிக்கொண்டு.