ஒரே ஒரு எலுமிச்சை

சந்தையில் மீன் வெட்டிவிட்டு வீடு திரும்பிய அம்மாவுக்குப் பேசக்கூடத் தெம்பில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

அப்பா ஏற்கெனவே பாயில் சுருண்டு கிடந்தார். பகல் முழுக்க பஸ்ஸில் "டிக்கெட், டிக்கெட்" என்று கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

தம்பிக்கு மட்டும் சோர்வே இல்லை. பசியில் வீடே அதிர அழுதான்.

"வாடா தங்கம்." அம்மா சோற்றைப் பிசைந்து அவன் வாயருகே கொண்டுபோனாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ச்சீ! மீனு!"

அம்மா எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். அவன் மோந்து பார்த்தான். "மீனு!"

"என் கை என் பிள்ளைக்கே பிடிக்கல. நீயே ஊட்டிவிடும்மா, சுண்டெலி" என்றாள் அம்மா.

எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் மூத்த மகளுக்கு அந்தப் பெயர். தம்பியைத் தூக்கித் தூக்கி அவளுக்கும் இடுப்பு வலித்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தட்டை வாங்க மனம் வரவில்லை.

'மீனைக் கழுவும்போது எலுமிச்சை தேய்த்தால் வாடை போகிறதே, கையிலிருந்தும் போகாதா?'

அடுக்களையில் கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரே ஒரு பழம் இருந்தது. அதை எடுத்ததும் பாயிலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"எலுமிச்சையா? வெந்நீர்ல புழிஞ்சு குடுடா. தொண்டை எரியுது."

சுண்டெலி பழத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு பழத்தை நறுக்கி, சாற்றை வெந்நீரில் பிழிந்து அப்பாவிடம் கொடுத்தாள். தோலை அம்மாவிடம் கொண்டுபோய் விரலில் தேய்த்தாள்.

"ஐயோ! எரியுதுடி!"

அம்மாவின் விரலெல்லாம் கத்திக் கீறல். சுண்டெலி பதறிப்போனாள். ஓடிப்போய் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தோலை அதில் கசக்கிப் போட்டாள்.

"இதுல கைய வைம்மா. கீறல் இல்லாத இடத்துல மட்டும் மெதுவாத் தேய்க்கிறேன்."

நகக்கண் வரை தேய்த்துத் துடைத்துவிட்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

தம்பி தத்தித் தத்தி வந்தான். ஒவ்வொரு விரலாக மோந்தான். அப்பாகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மீனு இல்ல" என்று அறிவித்துவிட்டு வாயைத் திறந்தான்.

முதல் கவளத்தோடு விரலையும் சேர்த்துக் கடித்தான்.

"ஆ! விரலத் தின்னுடாதடா!" அம்மா சிரித்துவிட்டாள். அடுத்த கவளத்தை உருட்டிச் சுண்டெலியின் பக்கம் நீட்டினாள். "நீயும் வாயத் தொற."

அந்தச் சோற்றில் லேசாக எலுமிச்சை மணத்தது. சுண்டெலி இன்னொரு வாய் கேட்டாள்.