புற்றுமண் கரை

கரை கசிவது அடியோடு நின்றுபோயிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அருமைநாயகம் கரையை மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தார். மண்கரை என்றால் கொஞ்சமாவது வியர்க்கும். இதில் பொட்டு ஈரமில்லை. தொட்டால் காய்ச்சல்காரன் முதுகுபோலச் சுட்டது.

குருவிகுளம் சாலையோரம் சொந்த நிலத்தில் அவர் கட்டிய சின்ன அணை அது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு அணை எதற்கு என்று ஊரே சிரித்தது. மகள் இன்பம் படகு விட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இரண்டு வருஷம் கரை கசிந்து தண்ணீர் தங்கவில்லை. எண்பத்தொன்றில் நிலத்திலிருந்த மூன்று புற்றுகளையும் இடித்து, அந்த மண்ணைக் கரையின் வயிற்றில் திமிசுக்கட்டையால் குத்தி இறுக்கினார்.

மண்வேலைக்கு வந்த தங்கசாமி அன்றைக்கே தயங்கினான்.

"சார்வாள், கோயிலுக்குப் போறவுக ஒரு சிட்டிகை எடுத்து நெத்தியில பூசுத மண்ணு. நீங்க வண்டி வண்டியா அள்ளுதீய. புத்துமண்ணு எங்கன கொண்டு போட்டாலும் வளரும்யா."

"வளரட்டும்வே. கரை உசந்தா நமக்கு நல்லதுதான!"

இப்போது அதே வருஷத்து டிசம்பர், பொழுது சாயும் நேரம். எட்டு வயது இன்பம் சிவப்பு ரிப்பனோடு படகில் உட்கார்ந்து, கரையில் கட்டிய கயிறு எட்டும் தூரத்துக்குள் துடுப்பால் தண்ணீரை அளைந்தபடி ஞாயிறுபள்ளிப் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தவளைச் சத்தம் இல்லை, கொசுகூட இல்லை. மழையே பெய்யாமல் புதுமழை மண்வாசனை மட்டும் மூக்கை அடைத்தது. அவர் காலடியில், கரைக்கு உள்ளே, முறத்தில் அரிசி புடைப்பதுபோல் ஒரு சத்தம் கிளம்பித் தண்ணீர்ப் பக்கமாக நகர்ந்தது.

பாட்டு நின்றது.

"அப்பா, படகுக்கு அடியில யாரோ தட்டுதாங்க."

"ஏட்டி, அசையாம இரி. இழுக்கேன்."

கயிற்றை இழுத்தார். படகு வரவில்லை. தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் அளவு. கணுக்கால் அளவு. பிறகு வெறும் சேறு. சேறு முழுக்கத் துளைகள்.

"அப்பா!"

அந்தக் குரல் சேற்றுக்குக் கீழேயிருந்து வந்தது.

சேற்றில் விழுந்து எழுந்து ஓடினார். ஏசப்பா, என் பிள்ளை. என் ஒரே பிள்ளை.

படகின் அடிப்பலகை பிளந்திருந்தது. பிளவின் மேல் ஈரப் புற்று ஒன்று, இன்பத்தின் உயரத்துக்கு. உச்சியில் சிவப்பு ரிப்பன்.

இரண்டு கையாலும் தோண்டினார். நகம் பிய்ந்தது. உள்ளே யாரோ தட்டினார்கள். அவர் தோண்டத் தோண்டப் புற்று வளர்ந்துகொண்டே இருந்தது.