குப்பம்மாள் இடத்துக் கயிறு

அந்த ஒரு வயரில் மட்டும் செம்பு தெரியவில்லை.

தேவா செல்போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை உடைக்கிற ஆலைக்கு அவன் செய்து கொடுத்த கண்ட்ரோல் பேனலின் படம் அது. கதவைத் திறந்து வைத்து, வெளிச்சம் பார்த்து, பெருமைக்காக அவனே எடுத்தது. ஒவ்வொரு வயரின் நுனியிலும் தோலை உரித்து, செம்பைத் திருகுக்குள் விட்டு முடுக்கியிருந்தான். ஒன்றில் மட்டும் தோல் சரியாக உரிபடவில்லை. திருகு செம்பைப் பிடிக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடிப் பேனல் அதிரும்போதெல்லாம் அந்த இணைப்பு விட்டு விட்டுப் பிடிக்கும். ஐடிஐயில் போன வாரம் சேர்ந்தவன் செய்கிற தப்பு.

எந்த வயர் என்று எண்ணைப் படித்ததும் அவனுக்கு முகம் சுட்டது. ஆபத்துக் கயிற்றின் வயர்.

ஆலையில் பெல்ட்டின் ஓரம் முழுக்க இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்புக் கயிறு ஓடும். யாருடைய கையோ துணியோ மாட்டிக்கொண்டால், நிற்கிற இடத்திலிருந்தே அதை இழுக்கலாம். மொத்த ஆலையும் நின்றுவிடும், பேனல் கதவில் சிவப்பு விளக்கு எரியும். கயிற்றை விட்டுவிட்டால் விளக்கு அணையும், மறுபடி ஓட்டலாம். வயரில் இணைப்பு விட்டுப்போனாலும் பேனலுக்கு அதே அர்த்தம்தான். யாரோ கயிற்றை இழுக்கிறார்கள்.

போன மாதம் ஆலை இப்படித் தானாக நிற்க ஆரம்பித்தபோது தேவா திண்டிவனத்திலிருந்து பைக்கில் வந்து மத்தியானம் முழுக்கத் தேடினான். கிடைக்கவில்லை. சுற்றிலும் வேலைக்கார ஜனம் கைகட்டி நின்றது. முதலாளி பார்சுவநாத் குரலை உயர்த்தாத மனிதர். "என்னப்பா, தெரியலியா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். தெரியலீங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் தன் பேனலில் தப்பு வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த வாய் அது. இளித்துக்கொண்டே, "குப்பம்மாக்கா வந்து இழுக்குறாங்க போலங்க" என்றான்.

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை.

குப்பம்மாள் அந்த பெல்ட்டில், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் நின்று சொத்தை மல்லாட்டை பொறுக்கியவள். வேலைக்கு வரும்போது நாலுவழிச் சாலையைக் கடக்கையில் லாரி அடித்துச் செத்துப்போய் அப்போது ரொம்ப நாள் ஆகியிருக்கவில்லை. ஆலை கட்டின சமயத்தில் தேவா என்ன செய்கிறான் என்று கிட்டே வந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். "பள்ளிக்கூடத்துக்குப் போற பொண்ணுக்கு சடை பின்னி வுட்ட மாதிரி இருக்குது தம்பி" என்று வயர்களைப் பார்த்துச் சொன்னாள். முந்தானையில் கட்டிவந்த அவித்த மல்லாட்டையை அவன் கையில் கொட்டினாள். "இத்த இழுத்தா நிக்குமா?" என்று கயிற்றைக் காட்டிக் கேட்டாள்.

"யாராச்சும் மாட்டிக்கினா இழுங்கக்கா. சும்மா இழுக்கக் கூடாது."

"சும்மா எதுக்கு இழுக்கப் போறேன்."

அவளைத்தான் அவன் பேயாக்கினான். அதற்கப்புறம் பெல்ட் நின்ற ஒவ்வொரு தடவையும் பெண்கள் மூன்றாவது தூணைப் பார்த்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். அப்புறமும் நின்றது. அம்மா இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகள் கலையரசியின் பக்கத்தில் நிற்க மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். கடைசியில் அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு போன் போதும், உண்மையைச் சொல்லிவிடலாம். தேவா போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தான். திண்டிவனத்தில் பார்சுவநாத் கட்டப்போகும் இரண்டாவது ஆலையின் பேனலும் அவனுக்கு வரவேண்டியிருந்தது. அதைவிட, ஒரு வயரை உரிக்கத் தெரியாமல் செத்தவளின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தவன் என்று நாலு பேர் பேசுவார்களே, அதை அவனால் தாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவு. சும்மா ஒரு செக்கப் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பினான்.

காவல்காரர் சவுரிராயன் சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார். தேவா பைக்கை நிறுத்தும்போது முதுகுக்குப் பின்னால் குப்பம்மாளின் குரல் கேட்டது.

"அண்ணா."

திரும்புவதற்குள் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓடியது. சுவர் ஓரம் கலையரசி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. முகம் அப்பா ஜாடை. குரல் மட்டும் அம்மாவுடையது, அந்தக் கரகரப்போடு.

"மொதலாளி வெளக்கேத்தச் சொன்னாருண்ணா. அம்மா நின்ன எடத்துல ஏத்திட்டு, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டா சேத்துக்குவாங்களாம். ஆளுங்க வருவாங்கன்னு உக்காந்துக்கினு இருக்கேன்."

தேவா கேட்டின் பூட்டில் சாவியை நுழைத்தான்.

"எங்கம்மா யாரு பொழப்பையும் கெடுத்ததில்லண்ணா. நீங்கதான் மொதல்ல சொன்னீங்களாம். நெசமாவே பாத்தீங்களா?"

சாவி திரும்ப மறுத்தது. அவன் அதை ஆட்டி ஆட்டித் திருப்பினான். அப்புறம் வேறு ஏதோ கேட்டாள், தாழ்ந்த குரலில். அவன் காதில் ரத்தம் இரைந்துகொண்டிருந்தது. வெக்கமா இருக்குது என்பது மட்டும் விழுந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், "ம், சரி சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அந்த நேரத்தில் அவள் உயிரைக் கேட்டிருந்தாலும் ம் என்றுதான் சொல்லியிருப்பான்.

பேனல் அறை ஆலையின் ஒரு கோடியில் இருந்தது. ஏசி ஓடியது. பெல்ட்டைப் பார்க்க வைத்த கண்ணாடியில் மல்லாட்டைத் தோலின் தூசி கெட்டியாகப் படிந்து, அந்தப் பக்கம் மஞ்சளாக ஒரு மங்கல்தான் தெரிந்தது. வேலை இரண்டு நிமிஷம்கூட இல்லை. வயரை இழுத்தான், கையோடு வந்துவிட்டது. உரித்தான், செம்பு பளிச்சென்றது, திருகி முடுக்கினான். இத்தனை பேஜாரும் இவ்வளவுக்குத்தான்.

ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டினால் முதலில் சைரன் அலறும். ஞாயிற்றுக்கிழமை சைரன் கேட்டால் எதிர்ப்பக்கத்து வீடுகளிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கும். என்ன கோளாறு என்று கேட்கும். சைரனின் ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பச்சைப் பட்டனை அமுக்கினான்.

பெல்ட் நகர்ந்தது. வெறும் பெல்ட்டின் சத்தம், உருளைகளின் சத்தம், தரை வழியாகக் காலுக்கு ஏறும் அதிர்வு. வயர் ஆடவில்லை. அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். விளக்கேற்றியதால் சரியாகிவிட்டது என்று நாளைக்கு ஊர் பேசும், அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொள்வார்கள், யாருக்கும் நஷ்டமில்லை என்று மனசு வேகமாகக் கணக்குப் போட்டது.

அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் நின்றது.

அவன் வயரைத் தொட்டுப் பார்த்தான். பிடுங்கிப் பார்த்தான். அசையவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. எங்கேயோ ஒரு சின்ன அதிர்வில் கயிறு ஆடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். மறுபடி அமுக்கினான்.

இந்தத் தடவை பெல்ட் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. சிவப்பு.

மீட்டரை வைத்துப் பார்த்தான். பேனல் சரி. வயர் சரி. அப்படியென்றால் ஒன்றுதான் மிச்சம்: கயிறு நிஜமாகவே இழுபட்டிருக்கிறது.

ஏசியின் இரைச்சலுக்கு அடியில் ஒரு வாசனை வந்தது. கற்பூரம். கதவிடுக்கு வழியாக, மெதுவாக, மல்லாட்டைத் தோலின் காய்ந்த நெடியோடு கலந்து வந்தது. குப்பம்மாளின் சாவு எடுப்புக்குப் போயிருந்தபோது வந்த அதே வாசனை. அன்றைக்கு மாலையை வைத்துவிட்டு அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டது ஞாபகம் வந்தது.

விளக்கு அணைந்தது. அவன் விரல் தானாகப் பச்சையை அமுக்கியது.

சிவப்பு. இப்போது அணையவில்லை.

பெல்ட் நின்ற அமைதியில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு பெண்ணின் குரல்.

சொல் புரியவில்லை. குரல் புரிந்தது. அந்தக் கரகரப்பு.

தேவா பின்னால் நகர்ந்தான். பேனல் கதவைப் பிடித்துக்கொண்டான். "அக்கா" என்றான். "தெரியாம சொல்லிட்டேன்க்கா." அது பொய் என்று அவனுக்கே தெரிந்தது. தெரிந்த பிறகும் ஒரு மாதமாகச் சும்மா இருந்தவன். இல்லை, படத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். இல்லை, அன்றைக்கே தெரியும். தப்பு வயரில்தான், அவளிடம் இல்லை என்பது அவள் பேரைச் சொன்ன நிமிஷமே தெரியும். கூப்பிட்டான். வந்துவிட்டாள்.

குரல் மறுபடி. நீண்டு.

போய்ப் பார்க்க வேண்டும். கால் வரவில்லை. கண்ணாடியில் தூசியைத் துடைத்தால் தெரியும். கை போகவில்லை. துடைத்தால் அவள் முகம் அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சத்தம். சத்தம்தான் வேண்டும். பெல்ட் ஓடினால் அது கேட்காது.

பையிலிருந்து ஒரு துண்டு வயரை எடுத்தான். இரண்டு நுனியும் உரித்தான், சுத்தமாக. கயிற்றிலிருந்து வரும் வயரின் இரண்டு முனையையும் பேனலுக்குள்ளேயே அதனால் இணைத்து முடுக்கினான். இனி யார் இழுத்தாலும் பேனலுக்குத் தெரியாது.

விளக்கு அணைந்தது. பச்சை. பெல்ட் ஓடியது.

ஓடியது.

கயிறு அடித்தது. தூணில், கம்பியில், டக் டக் டக் என்று, ஆலை நீளத்துக்கும். இழுத்தது. விட்டது. இழுத்தது. பெல்ட் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவன் தரையில் உட்கார்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

சும்மா எதுக்கு இழுக்கப் போறேன்.

கை காதிலிருந்து நழுவியது. கேட்டில் அந்தப் பெண் கடைசியாகக் கேட்டது, இத்தனை நேரம் எங்கே கிடந்ததோ, முழுசாக வந்து நின்றது. "எல்லார் முன்னாடியும் ஏத்த வெக்கமா இருக்குதுண்ணா. ஆளுங்க வர்றதுக்குள்ள பின்பக்கமா போயி ஏத்திட்டு வந்துர்றேன். போவட்டுமா?"

ம், சரி சரி.

சிவப்புப் பட்டனை அறைந்துவிட்டு ஓடினான்.

மூன்றாவது தூணுக்குக் கீழே அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஆடாமல். தேங்காய், பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு. கற்பூரம் கரைந்து முடிந்திருந்தது. அங்கிருந்து தூசியில் ஒரு இழுவைத் தடம் பெல்ட் ஓரமாகவே போனது. கொஞ்சம் போய் நின்றிருந்தது, அப்புறம் கொஞ்சம், அப்புறம் கொஞ்சம். அவன் பச்சையை அமுக்கின ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. கடைசித் தடம் நிற்கவே இல்லை. கோடியில், பெல்ட் திரும்புகிற உருளை வரைக்கும் போயிருந்தது.

பெல்ட்டில் மாட்டின துப்பட்டா முழுக்க உருளைக்குள் இருந்தது. கலையரசியின் இரண்டு கைகளும் பெல்ட்டுக்கு அடியில் இருந்தன. அவளால் கயிற்றை எட்டியிருக்கவே முடியாது.

தேவா மெதுவாகத் திரும்பினான்.

ஆலை நின்றுவிட்டது. காற்று இல்லை. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், ஆள் யாரும் நிற்காத அந்த இடத்தில், சிவப்புக் கயிறு கீழே வளைந்து, விறைத்து, நடுங்கிக்கொண்டிருந்தது. பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்துப் பிடித்தபடி. அவன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அது விடவில்லை.